14 துளைகளின் கோரை வைத்து மாடல் போடும்போது எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது?

உங்கள் கேள்வியை முதலில் நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். கர்நாடகத்தில் ஒரு தங்கத் தேடல் முகாமில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. 14 துளைகள் போட்டாகிவிட்டது, மொத்தம் 2,600 மீட்டர் கோர் (துளையிடும்போது உருளையாக வெட்டி எடுக்கும் பாறை), துளைக்குத் துளை 50 மீட்டர் இடைவெளி. அஸ்ஸே முடிவுகளை (தங்கம் எவ்வளவு என்ற ஆய்வக அளவீடுகளை) மென்பொருளில் ஏற்றினால் குவார்ட்ஸ் வெயின் (பாறைப் பிளவில் படிந்த குவார்ட்ஸ் பட்டை) பலகை போல வராமல், ஒவ்வொரு துளையைச் சுற்றியும் ஓர் உருண்டையாக வருகிறது. 7ஆம் துளையில் வெயின் எதிர்பார்த்ததைவிட 6 மீட்டர் கீழே இருப்பதால் அங்கே ஒரு ஃபால்ட் (பாறை உடைந்து நகர்ந்த பிளவு) வரைந்திருக்கிறீர்கள். எந்த செட்டிங்கை மாற்றினால் மாடல் சரியாகும் என்று கேட்கிறீர்கள். நான் படித்த வரையில் உங்கள் உண்மையான கேள்வி செட்டிங் பற்றியது அல்ல. இரண்டு துளைகளுக்கு நடுவே இருக்கும் அந்த 50 மீட்டரில் என்ன இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்வது, சொன்னதை எவ்வளவு தூரம் நம்புவது என்பதுதான்.

இந்த வேலையில் 22 வருடம் ஆகிறது. பெரும்பாலும் உங்களைப் போலவே செங்குத்தான ஷியர் சோனில் (பாறை அழுந்தி வழுக்கி நகர்ந்த பட்டையில்) இருக்கும் தங்கத்தில்தான். போர்ஃபிரி தாமிரத்திலோ நிலக்கரியிலோ வேலை பார்த்தவர்கள் சில இடங்களில் வேறு மாதிரி சொல்லலாம். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. என்.க்யூ. அளவு கோரின் விட்டம் 47.6 மில்லிமீட்டர். 50 மீட்டருக்கு 50 மீட்டர் கட்டத்தில் ஒரு துளை என்றால், அந்தக் கட்டத்தின் பாறையில் ஏறக்குறைய 14 லட்சத்தில் ஒரு பங்கைத்தான் நாம் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறோம். மீதி எல்லாம் ஊகம். ஊகம் என்றால் மட்டம் என்று சொல்லவில்லை. நம் தொழிலே அதுதான். ஆனால் திரையில் பார்த்ததும் ஊகித்ததும் ஒரே நிறத்தில் ஒரே பளபளப்போடு வந்து நிற்கும். எது எது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் நமக்குத்தான் வர வேண்டும்.

உருண்டை ஏன் வருகிறது என்பதை முதலில் முடித்துவிடலாம். லீப்ஃப்ராக் போன்ற மென்பொருள்கள் புள்ளிகளில் இருக்கும் எண்களை வைத்து, நடுவில் இருப்பதை ஒரு கணிதச் சார்பால் நிரப்புகின்றன. நீங்கள் திசை எதுவும் சொல்லாவிட்டால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி நிரப்பும். கிரேடின், அதாவது டன்னுக்கு எவ்வளவு தங்கம் என்பதன், தாக்கம் 20 மீட்டரில் அடங்கிவிடும் என்று எண் கொடுத்து, துளைகள் 50 மீட்டர் தள்ளி இருந்தால், ஒவ்வொரு துளையும் தன்னைச் சுற்றி ஓர் உருண்டையோடு நின்றுவிடும். அந்த எண்ணை 60 ஆக்கினால் உருண்டைகள் ஒட்டிக்கொள்ளும், படமும் அழகாகத் தெரியும். ஆனால் உங்களுக்கு நிலத்தைப் பற்றிப் புதிதாக ஒன்றும் தெரிந்திருக்காது. வெயின் எந்தத் திசையில் ஓடுகிறது, எவ்வளவு சாய்கிறது, அதற்குள் தங்கம் எந்தப் பக்கம் சரிந்து இறங்குகிறது என்ற மூன்றையும் நீங்கள்தான் கோரைப் பார்த்து மென்பொருளுக்குச் சொல்ல வேண்டும். மூன்றாவதைத்தான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். கோலார் தங்கவயலின் முக்கிய வெயினான சாம்பியன் லோடில் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே வரை போனது. அங்கேகூடத் தங்கம் வெயின் முழுக்கச் சமமாகப் பரவியிருக்கவில்லை. மடிப்புகளை ஒட்டி, சரிந்து இறங்கும் செறிவான பட்டைகளாகத்தான் இருந்தது. அந்தச் சரிவுக்குக் குறுக்கே கிரேடை இழுத்துவிட்டீர்கள் என்றால், அடுத்த துளை வெறும் வெள்ளைக் குவார்ட்ஸில் போய் நிற்கும்.

ஆகவே கிரேடை நேராக மாடல் போடாதீர்கள். முதலில் பாறை, வெயின், ஷியர் சோன், மாறிய பாறையின் எல்லை, மேலே மக்கிய பாறை எங்கே முடிகிறது என்பது. இவற்றை வைத்து உடலை வரையுங்கள். கிரேடு அந்த உடலுக்குள்ளே வரட்டும்.

சரி, எது உறுதி, எது சந்தேகம்? கோர் பெட்டியில் கண்ணால் பார்க்கும் பாறை உறுதி. வெயினின் விளிம்பு கோரை எந்தக் கோணத்தில் வெட்டுகிறது என்பது உறுதி. கோணமானியை வைத்தால் இரண்டு மூன்று டிகிரிக்குள் கிடைத்துவிடும். அந்த விளிம்பு என்ன ஆழத்தில் இருக்கிறது என்பது உறுதி என்று எல்லோரும் நினைக்கிறோம். அது அப்படியே உறுதி இல்லை. அந்த ஆழம் பூமிக்குள் எந்த இடத்தில் இருக்கிறது என்பது அதைவிடச் சந்தேகம். உங்கள் 7ஆம் துளை விவகாரம் இங்கேதான் வருகிறது, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பல வருடம் முன்பு நான் இருந்த ஒரு முகாமில் இதே போல ஒரு துளையில் வெயின் 6 மீட்டர் தள்ளி இருந்தது. வெயினின் தடிமனே ஒன்றரை மீட்டர்தான் என்பதால் 6 மீட்டர் பெரிய விஷயம். குறுக்குவெட்டில் கோடு சேரவில்லை. ஒரு ஃபால்ட் வரைந்தோம். அந்த ஃபால்டை மாடலுக்குள் கொண்டுபோனோம். அதற்கு அந்தப் பக்கம் வெயின் நகர்ந்திருக்கும் என்று வைத்துக்கொண்டு இன்னொரு துளைக்கு இடமும் குறித்தாகிவிட்டது. துளையிடும் ரிக்கை நகர்த்துவதற்கு முந்தின நாள், மூத்தவர் ஒருவர் பழைய பெட்டிகளை ஷெட்டுக்கு வெளியே வெயிலில் வரிசையாக வைக்கச் சொன்னார். மக்கில் தண்ணீர் எடுத்துக் கோரை நனைத்துக்கொண்டே ஒவ்வொரு பெட்டியாக டேப் வைத்து அளந்துகொண்டு வந்தார். பெட்டிக்குள் ஆழத்தைக் குறிக்க வைக்கும் மரக்கட்டைகளில், 141 மீட்டர் என்று எழுதியதற்கு அடுத்த கட்டையில் 150 என்று இருந்தது. நடுவே இருந்தது 3 மீட்டர் கோர். எங்கள் லாகில் (கோரைப் பார்த்து எழுதும் பதிவில்) அந்த இடத்தில் கோர் மீட்பு, அதாவது துளைத்த நீளத்தில் கையில் கிடைத்த கோர், 33 சதவீதம் என்று எழுதி, 6 மீட்டர் இழப்பு என்று குறித்து விட்டிருந்தோம். ஆனால் அந்த 3 மீட்டரும் கரும்பு போல நீள நீளமாக, உடையாத பசால்ட். களிமண் இல்லை, நொறுங்கல் இல்லை. அப்படிப்பட்ட பாறையில் 6 மீட்டர் எங்கே போகும்? இரவு ஷிஃப்டில் 144 என்று எழுத வேண்டிய கட்டையில் 150 என்று எழுதியிருக்கிறார்கள். அதற்குக் கீழே வந்த கட்டைகள் எல்லாம் 6 மீட்டர் கூடுதலாகவே போயிருக்கின்றன. டிரில்லர் நோட்டில் இருந்த, துளைக்குள் இறக்கிய ராடுகளின் எண்ணிக்கையைக் கூட்டிப் பார்த்தால் துளையின் கடைசி ஆழமும் 6 மீட்டர் குறைவு. ஃபால்ட் பூமியில் இல்லை, மரக்கட்டையில் இருந்தது.

ஆகவே 7ஆம் துளையில் ஃபால்ட் வரைவதற்கு முன்னால் செய்ய வேண்டியது: பெட்டிகளை முதலிலிருந்து அளப்பது, மீட்பு திடீரென்று சரிந்த இடங்களில் பாறை உண்மையிலேயே நொறுங்கியிருக்கிறதா என்று பார்ப்பது, ராடு கணக்கோடு ஒப்பிடுவது. அப்புறம் துளையின் சர்வே, அதாவது துளை பூமிக்குள் எந்தத் திசையில், எந்தச் சாய்வில் போகிறது என்ற அளவீடு. 200 மீட்டர் துளையில் திசை 3 டிகிரி தவறாக இருந்தால் கடைசியில் 10 மீட்டர் வரை பக்கவாட்டில் விலகிவிடலாம். கர்நாடகத்துத் தங்கப் பாறைப் பட்டைகளில் இரும்புக்கல் அடுக்குகள் நிறைய. அவற்றில் இருக்கும் காந்தக் கனிமமான மேக்னடைட்டுக்குப் பக்கத்தில் காந்தத்தை வைத்து இயங்கும் சர்வே கருவி பொய் சொல்லும். சர்வே அட்டவணையை வரிசையாகப் பாருங்கள். 30 மீட்டருக்குள் திசை 15 டிகிரி திரும்பி, அடுத்த 30 மீட்டரில் பழையபடி வந்திருந்தால் அது ராடு வளைந்தது அல்ல. எஃகு ராடு அப்படி வளையாது. அந்த அளவீட்டை நீக்கிவிடுங்கள். முடிந்தால் துளை மூடுவதற்குள் காந்தத்தை நம்பாத ஜைரோ கருவியை இறக்கி மறுபடி அளக்கச் சொல்லுங்கள். துளையின் வாய் எந்த ஆயத்தொலைவு முறையில் பதிவானது என்பதையும் கேளுங்கள். பழைய துளைகள் பழைய இந்திய வரைபடங்களின் எவரெஸ்ட் முறையிலும் புதியவை ஜி.பி.எஸ். பயன்படுத்தும் டபிள்யூ.ஜி.எஸ். 84இலும் இருந்து, மாற்றாமல் ஒன்றாகப் போட்டால் பழைய துளைகள் மொத்தமாக இடம் பெயர்ந்துவிடும். இதெல்லாம் சரியாக இருந்து, அதற்குப் பிறகும் 6 மீட்டர் தள்ளி நின்றால், அப்போது ஃபால்டைத் தேடுங்கள். கோரில் அரைத்த களிமண், வழுக்கிய தளம், கோடுகள் ஏதாவது இருக்க வேண்டும். ஒரு தடயமும் இல்லாத ஃபால்ட் என்றால் வெயின் வளைந்திருக்கலாம், அல்லது அது வேறு வெயினாகவே இருக்கலாம்.

அந்த "வேறு வெயின்" சந்தேகத்தை எப்போதும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு துளையில் இரண்டு குவார்ட்ஸ் வெயினைப் பார்த்தவுடன் கை தானாகவே கோடு போட்டு இணைக்கும். இரண்டும் ஒன்றுதானா என்று சொல்ல ஆழம் மட்டும் போதாது. குவார்ட்ஸின் நிறம், அதில் இருக்கும் சல்ஃபைடு பைரைட்டா ஆர்சனோபைரைட்டா, விளிம்பில் பயோடைட்டா குளோரைட்டா, மேலும் கீழும் என்ன பாறை, இத்தனையும் ஒத்துப்போனால் இணையுங்கள். பாறைப் பெயரிலும் கவனம். ஒரே பாறையை ஒருவர் ஆம்ஃபிபோலைட் என்றும் இன்னொருவர் மெட்டாபசால்ட் என்றும் எழுதியிருப்பார். மென்பொருள் நடுவில் ஓர் எல்லையைக் கண்டுபிடித்துவிடும். பல தனிமங்களுக்கு வேதிப் பகுப்பாய்வு செய்திருந்தால் டைட்டானியத்துக்கும் சிர்கோனியத்துக்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள். பாறை எவ்வளவு மாறினாலும் அந்த விகிதம் பெரும்பாலும் மாறாது. ஒரே பசால்ட்டா இரண்டா என்பது அதில் தெரிந்துவிடும்.

அடுத்து தடிமன். உங்கள் அட்டவணையில் 4.2 மீட்டர் என்று இருக்கும் ஒரு இடத்தை எடுத்துக்கொள்ளலாம். துளை 60 டிகிரியில் கிழக்கே இறங்குகிறது, வெயின் 75 டிகிரியில் மேற்கே சாய்கிறது என்றால், இரண்டும் 45 டிகிரியில் சந்திக்கின்றன. உண்மைத் தடிமன் சுமார் 3 மீட்டர். அதே வெயின் கிழக்கே சாய்ந்திருந்தால் வித்தியாசம் 15 டிகிரிதான், அப்போது 4.2 மீட்டர் என்பது உண்மையில் 1.1 மீட்டர். எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியாமல் டன் கணக்கு போட்டால் ஒன்றுக்கு மூன்று தவறிவிடும். சாய்வைக் கண்டுபிடிக்கக் குறி வைத்த கோர், அதாவது துளைக்குள் இருந்தபோது எது கீழ்ப்பக்கம் என்று கோடு போட்டு எடுத்த கோர், உங்களிடம் எத்தனை துளையில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. இல்லாவிட்டாலும் ஒரே நேர்கோட்டில் இல்லாத மூன்று துளைகள் ஒரே வெயினைத் தொட்டிருந்தால் தளத்தைக் கணக்கிடலாம். கிடைத்த தளம் அந்தக் கோரில் அளந்த கோணத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் நீங்கள் மூன்று வெவ்வேறு வெயின்களை இணைத்திருக்கிறீர்கள்.

அஸ்ஸே எண்களுக்குள்ளும் இதே மாதிரி விஷயங்கள் உண்டு. ஒரு மீட்டர் மாதிரியில் 30 சென்டிமீட்டர் வெயின், அதில் டன்னுக்கு 6 கிராம்; மீதி 70 சென்டிமீட்டர் சுவர்ப் பாறையில் 0.1 கிராம். ஆய்வகம் கொடுப்பது 1.87 கிராம். மாடலில் அது ஒரு மீட்டர் தடிமனுள்ள நடுத்தரத் தாதுவாகத் தெரியும், நிலத்தில் அப்படி ஒன்று கிடையாது. இனி வரும் துளைகளிலாவது மாதிரியைக் கண்மூடித்தனமாக மீட்டர் மீட்டராக வெட்டாமல், விளிம்பில் நிறுத்தி வெட்டச் சொல்லுங்கள். கோரை அறுக்கும் கோட்டையும் நீங்களே போடுங்கள். வெயின் கோரின் மேல் ஒரு வளைவாகத் தெரியுமே, அந்த வளைவின் உச்சி வழியாகக் கோடு போனால் இரண்டு பாதியிலும் வெயின் சமமாக இருக்கும். கண்ணுக்குத் தங்கம் தெரியும் இடம் வந்தால் அதற்கு அடுத்தே தங்கமே இல்லாத ஒரு வெற்று மாதிரி வையுங்கள். ஆய்வகத்து அரவையில் தங்கம் ஒட்டிக்கொண்டு அடுத்த மாதிரிக்குப் போகிறதா என்று தெரியும்.

பாதிக் கோரைப் பத்திரமாக வைத்திருப்பது பற்றி உங்கள் நண்பர், "அஸ்ஸே வந்த பிறகு இடத்தை அடைத்துக்கொண்டு எதற்கு?" என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. இந்தோனேசியாவின் கிழக்குக் கலிமந்தானில் புசாங் என்ற இடத்தில் பிரெ-எக்ஸ் என்ற கனடா நிறுவனம் 7 கோடி அவுன்ஸ் தங்கம் என்று அறிவித்தது. கோரைப் பாதியாக அறுத்து வைக்காமல், கிட்டத்தட்ட முழுவதையும் நொறுக்கி ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கத்தூள் கலக்கப்பட்டிருந்தது. 1997இல் ஃப்ரீபோர்ட் நிறுவனம் பழைய துளைகளை ஒட்டியே புதிதாகத் துளையிட்டுப் பார்த்தபோது சொல்லிக்கொள்ளும்படி தங்கம் இல்லை. திரும்ப எடுத்துப் பார்க்கப் பாதிக் கோர் இருந்திருந்தால் அந்தப் பொய் அத்தனை வருடம் நின்றிருக்காது.

மோசடி இல்லாத இடத்திலும் கோர் வேண்டும். தெற்கு ஆஸ்திரேலியாவின் ஒலிம்பிக் டேமில் 1975இல் போட்ட முதல் துளை, சுமார் 350 மீட்டர் மூடுபாறைக்குக் கீழே, 38 மீட்டர் நீளத்துக்கு ஒரு சதவீதத்தை ஒட்டிய தாமிரத்தைத் தொட்டது. அடுத்து வந்த துளைகளில் பல ஏமாற்றம். 1976இல் பத்தாவது துளைதான் 170 மீட்டருக்கு 2.1 சதவீதம் என்று வந்தது. ஒன்பதோடு நிறுத்தியிருந்தாலும் ஒரு மாடல் இருந்திருக்கும், தவறான மாடல். அதைவிட எனக்குப் பிடித்த பகுதி இது: 1983இல் வெளிவந்த விளக்கம் அதைப் பள்ளத்தில் படிந்த படிவுப் பாறைகளோடு சேர்ந்த தாது என்றது. 1990 வாக்கில், கிரானைட்டுக்குள் சூடான நீர்மங்கள் பாறையை உடைத்து உண்டாக்கிய பிரெச்சியா என்று அது மாற்றி எழுதப்பட்டது. தாது உடல் அதேதான், பார்வை மாறியது. எல்லையை எப்படி இணைப்பது, அடுத்த துளையை எங்கே வைப்பது எல்லாமே அதோடு மாறும். உங்கள் ஷெட்டில் இருக்கும் பெட்டிகளுக்கும் அந்த வாய்ப்பு இருக்க வேண்டும். அதனால்தான் லாகில் பார்த்ததை ஒரு பத்தியிலும், அதற்கு நீங்கள் கொடுக்கும் விளக்கத்தை வேறு பத்தியிலும் எழுதச் சொல்கிறேன். "கருஞ்சாம்பல் நிறம், நுண்மணி, 5 சதவீதம் பைரைட்" என்பது பத்து வருடம் கழித்தும் பயன்படும். "மேல்புற ஷியர்" என்று மட்டும் எழுதியிருந்தால் அது இன்றைய ஊகத்தோடு சேர்ந்தே பழையதாகிவிடும்.

அடர்த்தியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். காற்றில் ஒரு எடை, தண்ணீரில் ஒரு எடை, அவ்வளவுதான் வேலை. 2.7 என்று எடுத்த இடத்தில் உண்மை 3.0 என்றால் டன் கணக்கு 11 சதவீதம் மாறும். மக்கிய, துளையுள்ள கோருக்கு மெழுகு பூசித்தான் தண்ணீரில் போட வேண்டும்.

இனி 14 துளையை வைத்து என்ன செய்யலாம். திரையை மூடிவிட்டு, குறுக்குவெட்டுகளைக் காகிதத்தில் 1:500 அளவில் வரையுங்கள். இரண்டு விதமாக வரையுங்கள்: 7ஆம் துளையில் ஃபால்ட் உண்டு என்று ஒன்று, வெயின் வளைகிறது என்று ஒன்று. இரண்டையும் மென்பொருளுக்குக் கொடுத்து இரண்டு மாடல் எடுங்கள். பிறகு ஒரு சோதனை. ஏதாவது ஒரு துளையை, 9ஆம் துளை என்று வைத்துக்கொள்ளலாம், அதைத் தரவிலிருந்து எடுத்துவிட்டு மீதி 13ஐ வைத்து மாடல் போட்டு, 9இல் வெயின் எந்த ஆழத்தில் வரும் என்று கேளுங்கள். பிறகு உண்மை ஆழத்தோடு ஒப்பிடுங்கள். இப்படி ஒவ்வொரு துளையாக. வித்தியாசம் சராசரியாக 2 மீட்டர் என்றால் உங்கள் 50 மீட்டர் இடைவெளி அந்த வெயினின் வடிவத்துக்குப் பரவாயில்லை. 15 மீட்டர் என்றால் வடிவமே பிடிபடவில்லை. அதன் மேல் எந்தக் கிரேடு கணக்கும் நிற்காது. வடிவத்துக்கு 50 மீட்டர் போதுமானதாக இருந்தாலும் கிரேடுக்குப் போதாமல் இருக்கலாம், இதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். தங்கம் மணி மணியாக இருக்கும் இடத்தில் ஒரே கோரின் இரண்டு பாதிகளே ஒத்துப்போகாது. 14 துளையை வைத்து வேரியோகிராம் (தூரம் கூடக் கூடக் கிரேடு எவ்வளவு மாறுகிறது என்று காட்டும் வரைபடம்) வரைந்தால் ஏதோ ஒரு வளைவு வரத்தான் செய்யும். வெயினுக்குள் இருக்கும் மாதிரிகள் உங்களிடம் ஐம்பதோ அறுபதோதான் இருக்கும் என்பதால், அந்த வளைவை நம்பி கிரிகிங் (அதை வைத்துத் துளைகளுக்கு நடுவிலுள்ள கிரேடை மதிப்பிடும் முறை) செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உடலின் வடிவம், சராசரி, அதைச் சுற்றி இவ்வளவு சந்தேகம் என்று எழுதி மேலதிகாரியிடம் கொடுங்கள். அவர் ஒரே எண்ணைத்தான் கேட்பார். எண்ணைக் கொடுங்கள், சந்தேகத்தையும் அதே வரியில் கொடுங்கள்.

இன்னும் இரண்டு துளைக்குப் பணம் இருப்பதாகச் சொன்னீர்கள். நல்ல கிரேடு வந்த துளைக்குப் பக்கத்தில் இன்னொன்று போடச் சொல்வார்கள். அறிக்கையில் அது நன்றாக இருக்கும். நான் என்றால் இரண்டு மாடல்களையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்து, அவை எங்கே அதிகமாகப் பிரிகின்றனவோ அங்கே 15ஆவது துளையைப் போடுவேன். ரிக் ஏறுவதற்கு முன்பே இரண்டு மாடலும் சொல்லும் ஆழத்தைத் தேதி போட்டு நோட்டில் எழுதி வைத்துவிடுங்கள். 16ஐ எங்கே போடுவது என்பதை 15இன் கோர் மேலே வந்த பிறகு பேசலாம். அதற்கெல்லாம் முன்னால் 7ஆம் துளையின் பெட்டிகளை வெளியே எடுத்து நனைத்து அளந்துவிட்டு, மீட்பு அட்டவணையையும் ராடு கணக்கையும் இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.